தெரபி முடிந்த பிறகு எங்கே போவது? வேலூரில் சிறப்புக் குழந்தைகளுக்கு ஜிம் திறக்கும் கணக்கு

குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க வேலூர்க்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையில் இன்று குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பாகாயம் மனநல மையத்தில் குழந்தைகள் மனநலப் பிரிவும், பிள்ளையோடு பெற்றோரையும் சேர்த்துப் பயிற்றுவிக்கும் நம்பிக்கை நிலையமும் இருக்கின்றன. இதற்காகவே ஜார்கண்டிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் குடும்பங்கள் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகின்றன.

இரண்டு, மூன்று வயதில் என்ன குறைபாடு என்று பெயர் சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் எட்டு, ஒன்பது வயது வரை ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி), ஸ்பீச், ஸ்பெஷல் எஜுகேஷன் என்று ஓட்டம். அப்புறம்? பத்து வயதைத் தாண்டிய பையனுக்குத் தெரபி மையத்தின் ஊஞ்சல் சிறிதாகிவிடுகிறது. பள்ளி விளையாட்டு மைதானத்தில் பி.டி. மாஸ்டர் அவனை நிழலில் உட்காரவைக்கிறார். சாதாரண ஜிம்மில் பெரும்பாலும் சின்ன வயதில் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் பாட்டுச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவருகிறான். இந்த இடைவெளியைப் பார்க்கிற அப்பாவோ அம்மாவோ ஒரு கட்டத்தில் 'நாமே ஒன்றை ஆரம்பித்தால் என்ன' என்று நினைக்கிறார்கள். கைபேசியில் தேடினால் ஃபிரான்சைஸ் (ஒரு நிறுவனத்தின் பெயரையும் முறையையும் பணம் கட்டி வாங்கிக் கிளை நடத்துவது) விளம்பரங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன.

அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட தொழில், பணம் எங்கே போகிறது, வேலூரில் எந்த இடத்தில் இடிக்கும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

உடம்பின் பக்கம்

ஆட்டிசத்தைப் பேச்சு வராத பிரச்சினை என்றுதான் பெரும்பாலோர் பார்க்கிறோம். உடம்பின் பங்கு அதில் பெரிது. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 11,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவல்களை வைத்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் சுமார் 87 சதவீதம் பேருக்கு உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிக்கல் இருக்க வாய்ப்புண்டு என்றது. பெற்றோர் நிரப்பிய கேள்விப் படிவத்தை வைத்துச் சொன்னது அது. நேரடிப் பரிசோதனை இல்லை. இருந்தாலும் வீட்டில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. பந்து கைக்கு வரும்போது கண் வேறெங்கோ இருக்கும். படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைப்பான். சைக்கிள் பெடல் சுற்றவே சுற்றாது.

அதோடு எடையும் ஏறுகிறது. சாப்பாட்டில் நாலைந்து வகையைத் தவிர வேறெதையும் தொடாத பிள்ளைகள் உண்டு. அந்த நாலைந்தும் பெரும்பாலும் சிப்ஸ், பிஸ்கட், வெள்ளைச் சோறு வகையறா. கடும் எரிச்சலுக்கும் தன்னைத் தானே அடித்துக்கொள்வதற்கும் கொடுக்கப்படும் ரிஸ்பெரிடோன் மாத்திரை (அமெரிக்க எஃப்.டி.ஏ. ஆட்டிசக் குழந்தைகளுக்கு இதை அனுமதித்தது 2006-ல்) பசியைத் தூண்டி எடையைக் கூட்டும். 5 முதல் 17 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளும் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னபோது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொன்னது. தெரபி அறையில் வாரம் இரண்டு முறை கிடைக்கும் 45 நிமிடம் அதற்கு ஈடாகாது.

உடற்பயிற்சியால் வேறு பலனும் உண்டா? உண்டு, அளவோடு. ஈரானில் 2012-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு 14 வாரம் கராத்தேயின் 'கட்டா' வரிசைகளைச் சொல்லிக்கொடுத்தபோது, கையை உதறுவது, ஆடிக்கொண்டே இருப்பது போன்ற திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைந்தன. கட்டாவில் ஒரே வரிசையை ஒரே ஒழுங்கில், அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே செய்கிறோம். நம்மூர் சிலம்பத்தின் வரிசைகளுக்கும் அதே குணம் உண்டு. வெளிநாட்டுக் கையேட்டில் சிலம்பம் இருக்காது. வேலூரில் சிலம்ப வாத்தியார் கிடைப்பார்.

இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர்? இந்தியாவில் ஐந்து இடங்களில் நடத்தி 2018-ல் வெளியிட்ட ஆய்வு, 2 முதல் 9 வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு ஏதாவதொரு நரம்புவளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. காது கேளாமையும் வலிப்பும் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஃபிரான்சைஸ் விற்பவர் இந்த 'எட்டில் ஒருவரை' எடுத்து வேலூர் மக்கள்தொகையோடு பெருக்கிக் காட்டினால் சிரித்துவிட்டு எழுந்துவிடலாம். தேவை உள்ளவர்கள் வேறு, மாதா மாதம் பணம் கட்டி வாரம் மூன்று நாள் அழைத்துவரக்கூடியவர்கள் வேறு. சி.எம்.சி. வாசலில் பார்க்கும் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவது இன்னும் மோசம். அந்தக் குடும்பங்களில் பலர் வெளி மாநிலம். லாட்ஜில் சில வாரம் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். அவர்களை நம்பி மாதச் சந்தா தொழில் நடத்த முடியாது.

அமெரிக்காவில் எப்படி ஆரம்பித்தது

இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்று வீ ராக் தி ஸ்பெக்ட்ரம். ஆட்டிசம் உள்ள மகனுக்காக டினா கிம்மல் என்ற தாய் 2010-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த விளையாட்டு ஜிம் அது. தொங்கும் ஊஞ்சல்கள், டிராம்போலின், ஏறிச் சறுக்கும் சாதனங்கள், சத்தம் தாங்காத பிள்ளை ஒதுங்கிக்கொள்ள ஓர் அமைதி அறை என்று அமைத்தார். இங்கே வந்தால் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அவர்கள் பெற்றோருக்குச் சொல்லும் வாக்கு. மளிகைக் கடையில் பிள்ளை தரையில் புரண்டபோது சுற்றி நின்றவர்களிடம் 'சாரி' சொல்லியே அலுத்தவர்களுக்கு அதன் அருமை புரியும். பின்னர் அது ஃபிரான்சைஸாகி நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களுக்குப் பரவியது. கிளை எடுத்தவர்களில் பலர் தாங்களும் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர். டெக்சாஸில் டேனியல் ஸ்டைன் ஆரம்பித்த ஸ்பெஷல் ஸ்ட்ராங் வேறு மாதிரி. அது பெரும்பாலும் பயிற்சியாளரை மையமாக வைத்தது: எடை தூக்குவது, தள்ளுவது, நடப்பது என்று மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற உடற்பயிற்சி, தனியாகவோ குழுவாகவோ.

இரண்டும் ஒரே துறை மாதிரி தெரிந்தாலும் பணம் போகும் இடம் வேறு. முதல் வகையில் முதலீடு சாதனத்திலும் கூடத்திலும் போய் உட்காருகிறது; கட்டணம் நுழைவுச்சீட்டு, பிறந்தநாள் விழா என்று வரும். இரண்டாவது வகையில் முதலீடு ஆளுக்குப் போகிறது. வேலூரில் கிளை எடுக்க நினைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். பிராண்டு பெயரெல்லாம் அதற்கு அப்புறம். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: சாதனத்தை உள்ளூர் வெல்டரும் தச்சரும் செய்துகொடுப்பார்கள். ஆளைத் தயார்செய்யத்தான் வெளி உதவி தேவை. ஃபிரான்சைஸ் கட்டணத்தில் பெரும்பங்கு எதற்குப் போகிறது என்று கேட்டுவிட்டு, 'வண்ண ஊஞ்சல், பெயர்ப்பலகை, ஆப்' என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடலாம்.

கையெழுத்துக்கு முன்

அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், பணம் வாங்குவதற்கோ கையெழுத்துப் போடுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பாக, 23 தலைப்புகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தை வாங்குபவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி அது. அதில் ஏழாவது தலைப்பு ஆரம்பச் செலவு. இருபதாவது, எத்தனை கிளைகள் திறந்தன, எத்தனை மூடின, வெளியேறியவர்கள் யார் என்ற பட்டியல். பத்தொன்பதாவதில் வருமானக் கணக்குச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம்.

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டமும், பணம் வெளிநாடு போனால் அன்னியச் செலாவணி விதிகளும்தான் நமக்குக் காப்பு. மூடிய கிளைகளைப் பற்றி இங்கே யாரும் தானாக வந்து சொல்ல வேண்டியதில்லை. அதனால் கேட்டு வாங்க வேண்டும். பிராண்டு அமெரிக்காவுடையது என்றால் அங்கே கொடுக்கும் அந்த ஆவணத்தின் பிரதியைக் கேட்கலாம். ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைக் கொடுப்பதில் அவர்களுக்குச் சிரமம் ஏதும் கிடையாது. தட்டிக் கழித்தால் அதிலிருந்தே ஒரு விஷயம் புரியும். மூடிய கிளைக்காரர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசக் கிடைத்தால், ஓடுகிற பத்துக் கிளைகளைச் சுற்றிப் பார்த்ததை விட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

ராயல்டி, அதாவது பிராண்டுக்காகத் தலைமை நிறுவனத்துக்குத் தொடர்ந்து கட்டும் பங்கு, பெரும்பாலும் மொத்த வசூலின் மீது கணக்கிடப்படும், லாபத்தின் மீதல்ல. நஷ்டம் வரும் மாதத்திலும் கட்ட வேண்டும். வரி விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 5 சதவீதத்தில் உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. அதாவது ஃபிரான்சைஸ் கட்டணத்துக்கும் ராயல்டிக்கும் நீங்கள் கட்டுகிற 18 சதவீதம் உங்கள் கைச்செலவு, திரும்பி வராது. ஆண்டு வசூல் 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவே தேவையில்லை. ஆனால் ராயல்டி நேராக வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போகிறதென்றால், வசூல் எவ்வளவாக இருந்தாலும் பதிவு செய்து அந்த வரியை நீங்களே கட்ட வேண்டியிருக்கும். ஊரில் ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடித்து ஒப்பந்தத்தைக் காட்டிவிடுவது உத்தமம்.

மாலை மூன்று மணி நேரம்

இந்தத் தொழிலின் கழுத்தை நெரிப்பது நேரம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வருவது மாலை நாலரையிலிருந்து ஏழரை வரை. எல்லாருக்கும் அதே மூன்று மணி நேரம்தான் வேண்டும்.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ 1,500 சதுர அடிக் கூடம், வாடகை 35,000 ரூபாய். மூன்று பயிற்சியாளர்கள், ஆளுக்கு 18,000. ஓர் ஆயா, வரவேற்பில் ஒருவர், இருவருக்கும் சேர்த்து 22,000. ஏ.சி. ஓடுவதால் கரண்ட் 12,000. காப்பீடு, பழுது, சுத்தம் 7,000. மொத்தம் 1,30,000. ஒரு பயிற்சியாளருக்கு இரண்டு பிள்ளைகள் என்றால், மாலை மூன்று மணி நேரம், ஆறு நாள், மூன்று பயிற்சியாளர்கள்: வாரத்துக்கு 108 இடம். பிள்ளைக்கு வாரம் மூன்று வகுப்பு என்றால் 36 பிள்ளைகள். தலைக்கு மாதம் 3,000 வைத்தால் வசூல் 1,08,000.

ஓர் இடம்கூடக் காலியில்லாமல் நிரம்பிய மாதத்திலேயே 22,000 ரூபாய் துண்டு விழுகிறது. ராயல்டி 7 சதவீதம் என்று வைத்தால் வரியோடு இன்னும் கிட்டத்தட்ட 9,000. வங்கிக் கடன் தவணையை நான் இன்னும் எடுக்கவேயில்லை. மே மாத விடுமுறைக்குப் பாட்டி வீடு போகிறவர்களையும் கழிக்கவில்லை.

கட்டணத்தை 4,000 ஆக்கினால்? வசூல் 1,44,000, ராயல்டியும் அதன் வரியும் போக மிஞ்சுவது சுமார் 2,000. ஆனால் அறிவுசார் குறைபாடுடையோருக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகையே மாதம் 2,000 ரூபாய்தான். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் அம்மாக்களின் சம்பளத்தில் 4,000 எவ்வளவு பெரிய துண்டு என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது கண் எங்கே போகும் என்றால் பயிற்சியாளர் விகிதத்துக்குத்தான். இரண்டு பிள்ளைக்கு ஒருவர் என்பதை மூன்று பிள்ளைக்கு ஒருவர் ஆக்கினால் 54 பிள்ளைகள், 1,62,000. ராயல்டியும் வரியும் போய் 18,000-க்கு மேல் கையில் நிற்கிறது. ஒப்பந்தத்தில் பெயர்ப்பலகையின் நிறம் வரை எழுதியிருப்பார்கள். ஒரு பயிற்சியாளருக்கு அதிகபட்சம் எத்தனை பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ராயல்டி மொத்த வசூலில் என்பதால், விகிதம் தளர்ந்தால் தலைமை நிறுவனத்துக்கும் லாபம்தான். அவர்கள் வந்து தடுப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். மூன்று பிள்ளைகளை ஒருவரே பார்க்கும்போது, ஒருவன் மெல்ட்டவுனில் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழக்கும் நிலையில்) தலையைத் தரையில் முட்டினால் மற்ற இருவரையும் யார் பார்ப்பது?

துண்டு விழுவதை அடைக்க நேர்மையான வழி காலை நேரம். அதே கூடம், அதே ஆட்கள், காலை பத்திலிருந்து ஒன்று வரை சும்மா இருக்கிறார்கள். பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம், சிறப்புப் பள்ளிகளோடு பேசி வேனில் வரும் குழுக்களுக்கு இரண்டு மணி நேரம் என்று நிரப்பலாம். 18 வயது தாண்டி வீட்டிலேயே இருக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்தக் கடைசிக் கூட்டத்தை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. பள்ளி முடிந்து, தொழிற்பயிற்சியும் கிடைக்காமல், டி.வி. முன் உட்கார்ந்து எடை கூடிக்கொண்டே போகிறவர்கள் அவர்கள். காலைநேரத்துக்கு முதல் ஆட்களும் அவர்களே. பிராண்டின் விதி 'குழந்தைகள் மட்டும்' என்றால் காலையும் போச்சு, கணக்கும் போச்சு.

ஆள் எங்கே கிடைப்பார்

வேலூருக்கு உடம்பைப் பற்றிய ஒரு மரபு உண்டு. காமன்வெல்த் போட்டிகளில் 2014-லும் 2018-லும் 77 கிலோ பிரிவில் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கம் சத்துவாச்சாரிக்காரர். எடை தூக்குவது இங்கே தெருவில் பேசும் விஷயம். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்குப் போகிறார்கள்; நாற்பது வயதுக்கு முன்னேயே ஓய்வு பெற்று, உடம்பு கட்டாக, ஒழுங்கு தெரிந்து ஊர் திரும்பிய ஆட்கள் ஏராளம். பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு நிற்கும் இளைஞர்களும் உண்டு. மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

குறை எங்கே என்றால், இவர்கள் எல்லாருக்கும் விசில் அடித்துக் கட்டளை இட்டே பழக்கம். இந்தக் கூடத்தில் விசிலே கூடாது. 'ஓடு' என்று பத்து முறை கத்துவதற்குப் பதில் ஒரு படத்தைக் காட்டி, தானே ஒரு முறை செய்துகாட்டி, பத்து விநாடி வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து விநாடிதான் புதியவருக்குக் கஷ்டம். இன்றைக்கு என்னென்ன செய்யப்போகிறோம் என்பதைச் சுவரில் படவரிசையாக ஒட்டுவது, முடித்ததை ஒவ்வொன்றாகப் பிள்ளையே எடுத்து டப்பாவில் போடுவது, தொடக்கமும் முடிவும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பது. இவை எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்றுக்கொடுக்க ஆறு நாள் வீடியோ வகுப்பு போதாது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று சில மாதம் திருத்த வேண்டும். ஃபிரான்சைஸ் அதைத் தருமா, யார் வருவார், எத்தனை நாள் இருப்பார், பயிற்சி பெற்றவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டால் அடுத்தவருக்கு மீண்டும் பணமா? இவற்றைத்தான் கேட்க வேண்டும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் (நீப்மெட்) இருக்கிறது; ஆட்களை அனுப்பிப் பார்க்கவும் ஆலோசனை கேட்கவும் வேலூரிலிருந்து அது தூரமில்லை.

மொழியும் இருக்கிறது. பழைய வடஆற்காடு ஒரே மொழி மாவட்டமாக இருந்ததில்லை. சித்தூரே 1911-ல்தான் இதிலிருந்து பிரிந்தது. இன்றும் ஒரே மாலையில் வரும் ஆறு பிள்ளைகளில் ஒருவர் வீட்டில் தெலுங்கு, இருவர் வீட்டில் உருது. பேச்சே குறைவாகப் புரியும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு சொல், பள்ளியில் ஆங்கிலச் சொல், ஜிம்மில் தமிழ்ச் சொல் என்றால் எப்படி? அம்மாவிடம் கேட்டு வீட்டுச் சொற்கள் பத்தைப் பயிற்சியாளர் எழுதிவைத்துக்கொண்டாலே போதும். எந்தத் தலைமை அலுவலகக் கையேடும் இதைச் சொல்லாது.

கூடமும் கொக்கியும்

கூடம் பார்க்கப் போகும்போது முதலில் மேலே பாருங்கள். 40 கிலோ பையன் ஊஞ்சலில் 60 பாகை வரை உயர்ந்து இறங்கினால், கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது கொக்கி தாங்குவது 80 கிலோ. குதித்தால் இன்னும் கூடும். கான்கிரீட் தளத்தில் எங்கே கம்பி போகிறது என்று தெரியாமல் துளைபோட்டு மாட்டுவது வேண்டாம். கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதித் தரட்டும். இல்லையென்றால் தரையில் நிற்கும் இரும்புச் சட்டம் அடிக்கலாம். அதே தளத்தில் சீலிங் ஃபேன் இருக்கக்கூடாது. உயரத்துக்கு மட்டும் சொல்லவில்லை. சுற்றும் ஃபேனை அண்ணாந்து பார்த்தபடியே ஒரு மணி நேரமும் நிற்கும் பிள்ளைகள் உண்டு. சுவர் ஃபேன் போதும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை வாடகை குறைவு என்று ஆசை காட்டும். வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் அங்கே பெரியவர்களே நிற்க முடியாது. வெக்கையைச் சொல்லத் தெரியாத பிள்ளை எப்படி நிற்பான்? எதிரொலிக்கும் கூடமும் ஆகாது.

சேர்க்கும்போது கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை: வலிப்பு உண்டா, என்ன மாத்திரை, எதைக் கண்டால் பயம், ஓடிவிடும் பழக்கம் உண்டா. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அவர்களுக்கு டிராம்போலினும் குட்டிக்கரணமும் கூடவே கூடாது. கழிப்பறைக்கு யார் அழைத்துப்போவது, தனி அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கும் நிலை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் திறப்பு விழாவுக்கு முன்பே எழுதப்பட வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி ஒரு சந்தேகம் தெரிந்தாலே புகார் செய்வது கட்டாயம். 'வெளியே தெரிந்தால் பேர் கெட்டுவிடும்' என்று மூடிவைப்பது குற்றம்.

பலகையில் என்ன எழுதுவது

'தெரபி' என்று எழுதினால் கூட்டம் வரும். அதனால்தான் எழுதத் தோன்றும். ஸ்பீச் தெரபிஸ்ட், சிறப்புக் கல்வியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகின்றன. உடற்பயிற்சியாளர் இரண்டிலும் இல்லை. அவர் செய்வது உடற்பயிற்சி. அதை அப்படியே எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

புலன் ஒருங்கிணைப்பு (புலன்கள் தரும் தகவல்களை மூளை ஒன்றுசேர்ப்பது) என்ற கருத்தை ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வளர்த்தெடுத்தார். இன்றைக்கு ஊஞ்சல் விற்கும் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2012-ல், இத்தகைய தெரபியின் பலனுக்கான சான்று குறைவு, அதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஆகவே 'மூன்று மாதத்தில் பேச்சு வரும்' என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டால் அது பொய். 'மூன்று மாதத்தில் ஐந்து கிலோ பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவான்' என்றால் அளந்து காட்டலாம், காட்ட முடியாவிட்டால் ஒப்புக்கொள்ளலாம்.

அனுமதி விஷயத்தில் ஒன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்தப் பதிவுச் சான்று வேண்டும் என்கிறது. 'பயிற்சி'யும் அந்த வரையறைக்குள் வருகிறது. 'நான் நடத்துவது வெறும் ஜிம்' என்று நாமாக முடிவுகட்டாமல், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுவது பாதுகாப்பு. அந்தச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்பு) தனியாக இல்லை. அடையாள அட்டை இருந்தால்தான் சலுகை என்று விதி வைத்தால் அந்தப் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள்.

பெற்றோரே முதலாளி

பெற்றோர் நடத்துவதில் பெரிய லாபம் நம்பிக்கை. வாசலில் நிற்கும் அம்மாவிடம் இவர் எதையும் விளக்க வேண்டியதில்லை. இருவரும் ஒரே வார்டில் காத்திருந்தவர்கள். சிக்கலும் அங்கேதான். மூன்று மாதக் கட்டணம் பாக்கி வைத்த குடும்பத்திடம் 'பணம் கட்டுங்கள் அக்கா' என்று கேட்க நாக்கு வராது. பாதிப்பேருக்குச் சலுகை கொடுத்துவிட்டுப் பயிற்சியாளர் சம்பளத்தைத் தள்ளிப்போடுவார். பயிற்சியாளர் போய்விட்டால் சலுகை வாங்கிய பிள்ளைக்கும் இடம் இல்லை. எத்தனை இடம் சலுகைக்கு, யார் அந்தப் பணத்தைத் தருவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் ஒவ்வொரு முகமாகப் பார்த்து இளக வேண்டியிருக்காது.

தன் பிள்ளைக்காகவே திறக்கிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அவனுக்கு அந்த இடம் பிடிக்காமலே போகலாம். மாலை முழுக்க மற்றப் பிள்ளைகளோடு நிற்கும் அம்மாவை அவன் வெறுக்கவும் செய்யலாம். வாரத்தில் அவனுக்கென்று ஒதுக்கிய மணியில், அவனுக்குப் பயிற்சி கொடுப்பவர் அம்மாவாக இல்லாமல் வேறொருவராக இருப்பது இருவருக்கும் நல்லது.

ஃபிரான்சைஸ் இல்லாமலே ஆரம்பிக்க முடியாதா என்று கேட்டால், முடியும். ஊரில் ஏற்கெனவே இருக்கும் ஜிம்கள் பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை காற்று வாங்குகின்றன. பாட்டை நிறுத்தி, பாதி விளக்கை அணைத்து, வாரம் மூன்று நாள் இரண்டு மணி நேரம் வாடகைக்குத் தரச் சொல்லலாம். ஞாயிறு காலையும் கிடைக்கும். பத்துப் பெற்றோர் சேர்ந்து ஒரு பயிற்சியாளருக்குச் சம்பளம் போட்டு, ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். ஓடினால் கூடம் எடுக்கலாம். சேவைத் தொழிலுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியக் கடன் கிடைக்குமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். அந்த ஆறு மாதத்தில் எத்தனை பிள்ளைகள் தொடர்ந்து வந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்ற நோட்டுப் புத்தகம் கையில் இருக்கும். அதன்பின்னும் ஃபிரான்சைஸ் வேண்டும் என்று தோன்றினால், அதை எடுத்துக்கொண்டு போய் விற்பவரின் எதிரே உட்காரலாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு தகவல். ஒப்பந்தம் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் இதே தொழிலை நடத்தக்கூடாது என்று ஒரு ஷரத்து பெரும்பாலும் இருக்கும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. பெயரையும் பலகையையும் கையேட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சரி. கூடத்தையும் பயிற்சியாளர்களையும் பிள்ளைகளையும் விட்டுவிட வேண்டுமா என்பதை, பயந்து பூட்டிவிடும் முன் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.